18 வயசுக்கு வேலை இருக்கு... 58 வயசுக்கு என்ன இருக்கு? ஒரகடம் சொல்லும் முதுமைக் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூரு ஹைவேயில் கிளம்பினால், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் போர்டு வரும். தென்கொரியா. ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன். பிரான்ஸ். சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், ஃபாக்ஸ்கான். மறுபடி தென்கொரியா, கூடவே தைவான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் திரும்பினால் வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் நிசான் கொண்டுவந்த கார் ஆலை, கோமாட்சு. ஜப்பான். அங்கேயே டைம்லர் லாரி ஆலை. ஜெர்மனி.

இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாமே வேகமாக வயசாகிக்கொண்டிருக்கும் நாடுகள். அங்கே வேலைக்கு வரும் இளைஞர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இங்கே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். உலகத்தின் முதுமை முதலீடாக வந்து, நம் ஊர் இளமையைச் சந்திக்கும் இடம் இந்த காரிடார்.

இது நல்ல விஷயம்தானே? ஆமாம், வேலை வந்தது நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. இந்த இளமை எத்தனை நாளைக்கு? அது தீர்ந்த பிறகு அந்த ஆட்களுக்கு என்ன மிச்சம்?

முதல்ல அடிப்படை: ஒரு நாட்டுக்கு எப்போ 'வயசாகுது'?

உலக அளவில் ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. மக்கள்தொகையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7 சதவீதம் ஆகிவிட்டால் அது முதுமையடையத் தொடங்கிய சமூகம். 14 சதவீதம் ஆனால் முதிய சமூகம். 20 சதவீதத்தைத் தாண்டினால் மிக முதிய சமூகம்.

காரணம் ரொம்ப சிம்பிள். குழந்தைகள் குறைவாகப் பிறக்கிறார்கள், பெரியவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள். ரெண்டுமே வளர்ச்சியின் அடையாளம்தான். அதனால் முதுமையை நோய் மாதிரி பார்க்க வேண்டியதில்லை. பிரச்னை அதன் வேகத்தில் இருக்கிறது.

7-லிருந்து 14 சதவீதத்துக்குப் போக பிரான்ஸுக்கு சுமார் 115 ஆண்டுகள் ஆனது. 1860களில் தொடங்கி 1980 வாக்கில்தான் அந்தக் கோட்டைத் தொட்டது. ஸ்வீடனுக்கு சுமார் 85 ஆண்டுகள். ஜெர்மனிக்கு சுமார் 40. ஜப்பானுக்கு வெறும் 24 ஆண்டுகள்: 1970-ல் 7, 1994-ல் 14. இப்போது அங்கே சுமார் 29 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். தென்கொரியா அதையும் மிஞ்சிவிட்டது. 2000-ல் 7 சதவீதம், 2018-ல் 14, 2024 டிசம்பரில் 20.

அதாவது, யார் லேட்டாகத் தொடங்குகிறார்களோ அவர்கள் ஃபாஸ்டாகப் போகிறார்கள். ஐரோப்பாவுக்கு பென்ஷன், மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றையும் நிதானமாகக் கட்ட நாலு தலைமுறை கிடைத்தது. ஆசியாவுக்கு ஒரு தலைமுறைதான்.

ஒரே வேகம், ரெண்டு ரிசல்ட்

ஜப்பானும் தென்கொரியாவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் வயதாகின. ஆனால் வயதானவர்களின் நிலைமை ஒன்றல்ல.

ஜப்பானில் எல்லோருக்குமான பென்ஷன் 1961-லேயே வந்துவிட்டது. அப்போது அங்கே முதியவர்கள் 6 சதவீதம்கூட இல்லை. அன்று சம்பாதித்துக்கொண்டிருந்த இளைஞர், பிற்காலத்துக்காக அன்றிலிருந்தே பணம் கட்டத் தொடங்கினார். 2000-ல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. அதற்கு 40 வயதானாலே எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும்.

தென்கொரியாவில் தேசிய பென்ஷன் 1988-ல் தொடங்கியது. எல்லாத் தரப்புக்கும் விரிவடைய 1999 ஆனது. அதற்கு அடுத்த வருடமே 7 சதவீதக் கோட்டை நாடு தாண்டிவிட்டது. 1960, 70, 80களில் தொழிற்சாலைகளில் உழைத்து அந்த நாட்டை மேலே தூக்கிவிட்ட தலைமுறைக்கு, பென்ஷனுக்காகப் பணம் கட்டவே போதுமான வருடங்கள் கிடைக்கவில்லை.

விளைவு? தென்கொரிய முதியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யில் இதுதான் ரொம்ப மோசமான நிலை. ஜப்பானில் அது சுமார் 20 சதவீதம். 65 வயதைத் தாண்டிய கொரியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் வேலை செய்கிறார்கள். ஆசைப்பட்டு செய்பவர்களும் இருக்கலாம். ஆனால் பலருக்கு வேறு வழி இல்லை.

ஹூண்டாயும் சாம்சங்கும் பிறந்த நாடு அது. பணக்கார நாடு ஆனதற்கும், அதைப் பணக்கார நாடாக்கிய தொழிலாளிக்கு வயதான காலத்தில் சோறு இருப்பதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை என்பதற்கு தென்கொரியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. இளமையாக இருக்கும்போதே பணம் ஒதுக்கத் தொடங்கினோமா என்பதுதான் முடிவு செய்கிறது.

சரி, தமிழ்நாடு இப்போ எங்கே நிக்குது?

இந்தியாவில் 65-க்குப் பதிலாக 60 வயதிலிருந்து முதியோர் கணக்கு எடுக்கிறார்கள். அதனால் மேலே சொன்ன எண்களோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். போகும் திசையை மட்டும் கவனியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் நிபுணர் குழு போட்ட மக்கள்தொகை மதிப்பீட்டில் 2021-ல் அது 13.6 சதவீதம். 2031-ல் 18.2 சதவீதம் ஆகும். 2036-ல் சுமார் 20.8 சதவீதம். ஐந்து பேரில் ஒருவர். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். அதே 2036-ல் பீகாரில் 11 சதவீதம்தான் இருக்கும்.

ஒரு பெண் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுகிறார் என்ற கருவள விகிதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். மக்கள்தொகை குறையாமல் இருக்க இது 2.1 இருக்க வேண்டும். தமிழ்நாடு 1990கள் முடியும்போதே அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 1.8. இந்தியாவின் மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கையில் 1.4. அது இந்தியாவிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. ஐரோப்பாவின் பல நாடுகளும் இந்த அளவில்தான் இருக்கின்றன.

ஆனால் ஜப்பான் 14 சதவீதத்தைத் தொட்ட 1994-ல் அது உலகப் பணக்கார நாடுகளில் ஒன்று. தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு சுமார் மூன்று லட்சம் ரூபாய். அதாவது, கையில் காசு சேர்வதற்கு முன்பே நமக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

அப்போ ஒரகடத்துல மட்டும் ஏன் எல்லாரும் இளசா இருக்காங்க?

மாநிலத்துக்கு வயதாகிறது, ஆனால் ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டத்துக்கு வயதாவதே இல்லை. மந்திரம் எதுவும் இல்லை. வடிகட்டி வைத்திருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஆட்கள் தேவை' விளம்பரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். வயது 18 முதல் 25 அல்லது 28 வரை, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ, உணவு, தங்குமிடம், பஸ் வசதி உண்டு என்று இருக்கும். இதில் எந்தப் பதவிக்கு எத்தனை வருடம் என்று தேடினால் கிடைப்பது அபூர்வம். டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட், ஃபிக்ஸட் டெர்ம் என்று வெவ்வேறு பெயர்கள். காலம் முடிந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு பத்தொன்பது வயசு வரும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பிரமாண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. சிப்காட் மூலம் ரூ.706.50 கோடியில் கட்டியது. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்கானது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் பாதிக்கப்பட்டு, தொழிலாளர்கள் ஹைவேயில் உட்கார்ந்து மறியல் செய்ததை நினைத்துப் பார்த்தால், இது உண்மையான முன்னேற்றம். அதை மறுக்க முடியாது.

ஆனாலும் அது படுக்கைகளின் கணக்கில் கட்டப்பட்ட கட்டடம். கல்யாணம் ஆகி, ஒரு குழந்தையோடு, வேலையைத் தொடர நினைக்கும் 29 வயதுப் பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. 2024 ஜூனில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது நினைவிருக்கலாம். நிறுவனம் அதை மறுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள் என்று சொன்னது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஒரு நிறுவனத்தோடு முடியும் விஷயம் இல்லை இது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். நாம் பெருமையாகச் சொல்லும் எண் இது. இதில் எத்தனை பேர் 35 வயதிலும் அதே லைனில் இருப்பார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நோக்கியா சொல்லிக்கொடுத்த பாடம்

இந்த காரிடாரில் ஒரு தலைமுறை ஏற்கெனவே இந்தப் பாதையில் போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் நேரடி ஊழியர்கள் மட்டும் 8,000 பேர் வரை. பெரும்பாலும் இளம் பெண்கள். பல குடும்பங்களில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய பெண்கள்.

பிறகு வருமான வரித் தகராறு வந்தது. மைக்ரோசாஃப்ட் 2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, சொத்து முடக்கம் காரணமாக இந்த ஆலை அந்த டீலில் சேரவில்லை. பலர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சில வருடங்கள் கழித்து அதே வளாகத்தை சால்காம்ப் நிறுவனம் எடுத்து, மறுபடி உற்பத்தி தொடங்கியது. கட்டடத்துக்கு ரெண்டாவது வாழ்க்கை கிடைத்துவிட்டது.

ஆட்களுக்கு? இங்கே ஒரு சின்ன கணக்கு போடலாம். பி.எஃப் கணக்கோடு சேர்ந்து வரும் பென்ஷன் திட்டத்தில் (1995-ல் தொடங்கியது, இ.பி.எஸ். என்பார்கள்), 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்க குறைந்தது 10 ஆண்டுகள் பணி வேண்டும். நோக்கியாவில் உற்பத்தி தொடங்கிய அன்றே சேர்ந்து, கடைசி நாள் வரை இருந்தவருக்குக்கூட ஒன்பது ஆண்டுகள் நிறையவில்லை. வேறு ஆலையில் பி.எஃப் உள்ள வேலை கிடைத்து, பழைய பணிக்காலத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். வீட்டுக்குப் போனவர்களுக்கு, அந்தப் பணிக்காலம் பென்ஷனாக மாறவில்லை.

2006-ல் 19 வயதில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2045-ல் 58 வயதாகும். அப்போது தமிழ்நாடு இன்றைய ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாநிலம். அவருக்கு என்ன வரும்?

அதே ரோட்டில் வேறு மாதிரியான கதையும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்த காலத்தில் இருபதுகளில் சேர்ந்து நிரந்தரமானவர்கள் இப்போது ஐம்பதைத் தொடுகிறார்கள். வீடு கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். ஒரே காரிடார், ஒரே படிப்பு. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் திறமையில் இல்லை, வேலை எத்தனை வருடம் நிலைத்தது என்பதில்தான்.

பென்ஷன் கணக்கு: கையில் எவ்வளவு வரும்?

இ.பி.எஸ். ஃபார்முலா ரொம்ப எளிது. பென்ஷனுக்கான சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு: 2014 செப்டம்பரில் 6,500 ரூபாயிலிருந்து உயர்த்தி நிர்ணயித்த 15,000 ரூபாய்.

அந்த உச்சவரம்பில் 10 ஆண்டு வேலை செய்தவருக்கு மாதம் சுமார் 2,140 ரூபாய். 35 ஆண்டு செய்தவருக்கே 7,500 ரூபாய்தான். உங்கள் சம்பளம் இன்று 25,000 என்றாலும் பொதுவாக 15,000-ஐ வைத்துத்தான் கணக்கு. குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்பதும் 2014-ல் நிர்ணயித்ததுதான். பி.எஃப் தொகை மொத்தமாகத் தனியே வரும், உண்மைதான். ஆனால் நடுவில் ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் அதை எடுத்து, கல்யாணத்துக்கோ, வண்டிக்கோ, கடனுக்கோ செலவழிப்பதுதான் வழக்கம்.

இதில் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி எடுக்கப்படுபவர்களுக்கு பி.எஃப்பே கிடையாது. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பயிற்சி பெறுபவர்கள்தான், தொழிலாளர்கள் இல்லை. ஆக, 18 வயதில் லைனில் நின்று திருகாணி முடுக்கிய அந்த முதல் வருடங்கள் பென்ஷன் கணக்கில் சேராது.

எதுவும் இல்லாதவர்களுக்கு மாநில அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 2023-ல் 1,000-லிருந்து உயர்த்தினார்கள். இதே வகைத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200.

'பதினாறு பெத்துக்கிட்டா' சரியாகிடுமா?

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'பதினாறு செல்வம்' வாழ்த்தைக் குறிப்பிட்டுப் பேசியது பெரிய விவாதமானது. தொகுதி மறுவரையறையில் மக்கள்தொகை குறைந்த மாநிலங்கள் நஷ்டப்படும் என்ற கோபம் அதில் இருந்தது. கோபம் நியாயமானது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் அதிகக் குழந்தைகள் வேண்டும் என்று பேசினார். ரெண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்தை 2024 நவம்பரில் ஆந்திரா நீக்கியது.

ஆனால் இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர 18 வருடம் ஆகும். அதற்குள் 2036 தாண்டிவிடும். பல ஆண்டுகளாகப் பெரும் பணம் செலவழித்தும் தென்கொரியாவின் கருவள விகிதம் 2023-ல் 0.72 வரை இறங்கியது. அடுத்த கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்றே தெரியாதவரிடம் போய் இன்னொரு குழந்தை பெத்துக்கோங்கன்னு சொன்னால், அவர் சிரிப்பார்.

'வடமாநிலத்திலிருந்து ஆள் வருவாங்க' என்ற பதிலும் உண்டு. ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று ஒரகடம் ஓடாது. ஆனால் அவர்களின் இளமையும் காலாவதி ஆகக்கூடியதுதான். பீகாரின் கருவள விகிதமும் ஐந்தே ஆண்டுகளில் 3.4-லிருந்து 3.0 ஆக இறங்கியிருக்கிறது. பென்ஷன் கணக்கு நிரம்பாமல் ஒருவரை பீகாருக்குத் திருப்பி அனுப்பினால் பிரச்னை தீராது, வேறு ஊருக்கு மாறும். அவ்வளவுதான்.

'இதெல்லாம் கேட்டா கம்பெனி ஓடிடாதா?'

நியாயமான பயம். வியட்நாமும் குஜராத்தும் காத்திருக்கின்றன. ஆனால் வயதான தொழிலாளி என்றால் நஷ்டம் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை இல்லை.

ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் உள்ள பி.எம்.டபிள்யூ ஆலையில் 2007-ல் ஒரு சோதனை செய்தார்கள். பத்து வருடம் கழித்து ஆலையின் சராசரி வயது 47 ஆகும் என்று கணக்கிட்டு, அதே சராசரி வயது வரும் மாதிரி ஆட்களை ஒரு லைனில் நிறுத்தினார்கள். என்ன கஷ்டம் என்று அவர்களையே கேட்டார்கள். மரத்தளம், உயரம் மாற்றக்கூடிய மேஜை, அவ்வப்போது உட்கார நாற்காலி, சின்ன பாகங்களைப் பார்க்க லென்ஸ் என்று சுமார் 70 மாற்றங்கள். மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஒரே வருடத்தில் அந்த லைனின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியது.

அந்த பி.எம்.டபிள்யூவின் இந்திய ஆலை எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரகடம் ரோட்டிலேயே நேராகப் போய், சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டினால் வரும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்.

இந்த ரோட்டில் போர்டு வைத்திருக்கும் பல கம்பெனிகளுக்கு, நாற்பது, ஐம்பது வயதுத் தொழிலாளிகளை வைத்து லைன் ஓட்டத் தெரியும். அவர்கள் சொந்த ஊரில் அதைத்தான் செய்கிறார்கள். இங்கே செய்யாததற்குக் காரணம் ரொம்ப எளிது. 19 வயது ஆள் இன்னும் கிடைக்கிறார். அது எத்தனை வருடத்துக்கு என்பதைத்தான் மேலே உள்ள எண்கள் சொல்கின்றன.

அப்போ என்ன செய்யணும்?

என் பார்வையில் நான்கு விஷயங்கள்.

ஒன்று, லைனில் நின்று உற்பத்தி வேலை செய்யும் முதல் நாளிலிருந்தே அது பென்ஷன் கணக்கில் ஏற வேண்டும். அப்ரண்டிஸ், டிரெய்னி என்ற பெயர் அதற்குத் தடையாக இருக்கக் கூடாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஃபிக்ஸட் டெர்ம் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை தருகின்றன. முன்பு ஐந்து வருடம் வேண்டும். குறுகிய காலம் வேலை செய்தாலும் உரிமை கணக்கில் சேர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே லாஜிக்கை பென்ஷனுக்கும் கொண்டுவரலாம்.

இரண்டு, 15,000 உச்சவரம்பும் 1,000 ரூபாய் குறைந்தபட்ச பென்ஷனும் விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏற வேண்டும். பத்து வருடத்துக்கு ஒரு முறை போராடி வாங்கும் விஷயமாக இருக்கக் கூடாது.

மூன்று, தமிழ்நாடு அரசு பெரிய முதலீடுகளுக்கு நிலம், மின்சாரம், மானியம் என்று சலுகைத் தொகுப்பு தருகிறது. எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்காமல், எத்தனை பேர் பத்து வருடம் நீடித்தார்கள், 35 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கட்டும். சலுகையின் ஒரு பகுதியை அந்தப் பதிலோடு இணைக்கட்டும்.

நான்கு, விடுதிகளோடு குடும்ப வீடுகளும் குழந்தைகள் காப்பகமும் வர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தமே சொல்லிவிட்டது. புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை. ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ற மாதிரி அது திறந்திருந்தால் போதும்.

இதைப் படிக்கும் நீங்களோ, உங்கள் தம்பியோ, பக்கத்து வீட்டு அக்காவோ இந்த காரிடாரில் வேலை செய்தால், அரசு முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பி.எஃப் போர்ட்டலில் யு.ஏ.என். நம்பரைப் போட்டு, பழைய கம்பெனிகளின் பணிக்காலம் எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் நிறையாமல் வேலையை விட்டால், பென்ஷன் பணத்தை எடுப்பதற்குப் பதிலாக 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேளுங்கள். படிவம் 10சி-யிலேயே அந்த ஆப்ஷன் இருக்கிறது. அடுத்த வேலையில் சேரும்போது பழைய வருடங்கள் அதன் மூலம் தொடரும். எடுத்துவிட்டால் சில ஆயிரங்கள் வரும், ஆனால் அந்த வருடங்கள் அழிந்துவிடும்.

2036-க்கு இன்னும் கொஞ்ச வருடங்கள்தான் இருக்கின்றன. அன்றைக்கு ஐந்தில் ஒருவராக இருக்கப்போகும் முதியவர்கள் இப்போதே நம் நடுவில், ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நோக்கியா தலைமுறை வருகிறது. அதற்குப் பின்னால், இன்று நைட் ஷிஃப்ட்டில் நிற்கும் பத்தொன்பது வயசுக்காரர்கள். முதல் வரிசைக்கு நாம் கொஞ்சம் லேட். கடைசி வரிசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.